படத்தை நீட்டும்போது என்ன கேட்கிறோம்?



நம் அலுவலகத்துக்கு வரும் உறைகளில் பாதிக்கு மேல் படங்கள்தான். அட்டையில் ஒட்டியது, பட்டர் பேப்பரில் சுற்றியது, மடங்கிவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் பழைய காலண்டர் அட்டையை வைத்துக் கட்டியது என்று ஒவ்வொன்றையும் பிரிக்கும்போதே அனுப்பியவரின் கவலை தெரிந்துவிடும். கூடவே ஒரு கடிதம் இருக்கும். நாகர்கோவிலிலிருந்து வந்தாலும் ஓசூரிலிருந்து வந்தாலும் அதன் கடைசி வரி அநேகமாக ஒன்றேதான்: ‘தங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறேன்.’

அந்த வரியைப் படித்துவிட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழிப்பதுண்டு. எதைப் பற்றிய கருத்து? படம் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறாரா, பத்திரிகையில் வருமா என்று கேட்கிறாரா, இந்த வழியிலேயே போகலாமா என்று கேட்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. எது என்று தெரியாமல் எழுதப் போனால் ‘நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எடுங்கள்’ என்பதில்தான் போய் முடியும். அதைப் படித்து அவருக்கு ஒரு பயனும் இல்லை. எழுதியதில் எனக்கும் திருப்தி இல்லை. ஆகவே இந்த மாதம் இதைப் பற்றியே உங்களோடு பேசலாமென்று இருக்கிறேன். முடிவில் ஓர் அறிவிப்பும் உண்டு. அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கல்யாணப் படம் எடுப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஒரு மாமா குறுக்கே கையை நீட்டி மறைத்திருந்தால், ஆல்பம் வந்த அன்றே பெண்ணின் அம்மா சொல்லிவிடுவார். பாஸ்போர்ட் படத்துக்கு அளவும் விதியும் இருக்கின்றன. பத்திரிகைப் படத்துக்குச் செய்தி ஆசிரியர் இருக்கிறார். வேண்டாமென்றால் அரை நொடியில் தள்ளிவிடுவார். கலைப்படம், ஃபைன் ஆர்ட் போட்டோகிராபி என்று நாம் சொல்கிற வகையில் மட்டும் ஆர்டர் கொடுத்தவர் என்று ஒருவர் இல்லை. பூட்டிய வீட்டுச் சுவரில் விழுந்த வெயிலை, கோயில் குளத்துப் படியில் காய்ந்துபோன பாசியை, பாட்டி உட்கார்ந்திருந்த வெற்று நாற்காலியை நாமாகவே எடுக்கிறோம். யாரும் கேட்டு எடுத்ததில்லை. அதனால் சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லவும் யாரும் இல்லை.

எடுத்தவரே சொல்லிக்கொள்ளக் கூடாதா என்றால், அவரால்தான் அது முடியாது. நாற்காலிப் படத்தை அவர் பார்க்கும்போது பாட்டியின் குரலும் தைலத்தின் வாசனையும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. காகிதத்தில் இருப்பது எது, தன் மனத்திலிருந்து வருவது எது என்று அவருக்குப் பிரியாது. பாட்டியைத் தெரியாத ஒருவர் அந்தப் படத்தில் என்ன பார்க்கிறார் என்று அவர் தெரிந்துகொண்டாக வேண்டும். கருத்துக் கேட்பதன் தேவை அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை.

சொல்லத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது பால் ஸ்ட்ராண்டின் கதையை. நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூ 291-ஆம் எண் கட்டடத்தில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1905-இல் ஒரு சின்னக் காட்சிக்கூடம் திறந்தார். 1907 வாக்கில் லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பின்னால் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த சிறுவர்களைப் படமெடுத்து அமெரிக்காவைத் தலைகுனிய வைத்த அதே ஹைன்தான். அன்று போன மாணவர்களில் ஒருவர் ஸ்ட்ராண்ட். ஒளிப்படக்காரராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு விழுந்தது.

அந்நாளில் கலைப்படம் என்றால் மங்கலாக இருக்க வேண்டும். ஓவியம் போலத் தெரிந்தால்தான் கலை என்று நம்பிய காலம். அதற்கென்றே விளிம்புகள் கரைந்தாற்போல் பதியும் லென்ஸ்களைச் செய்து விற்றார்கள். ஸ்ட்ராண்டும் அப்படித்தான் எடுத்தார். எடுத்த பிரிண்டுகளைக் கொஞ்ச நாளைக்கு ஒருமுறை 291-க்குக் கொண்டுபோய் ஸ்டீக்லிட்ஸிடம் காட்டுவார். ஸ்டீக்லிட்ஸ் அவரிடம் சொன்னதைப் பல ஆண்டுகள் கழித்து ஸ்ட்ராண்டே நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த லென்ஸில் எல்லாமே ஒரே பொருளால் செய்ததுபோல் ஆகிவிடுகிறது, புல்லும் தண்ணீரும் மரப்பட்டையும் ஒன்றுபோலவே இருக்கின்றன, துவாரத்தைச் சுருக்கி எடுத்துப் பார் என்பதுதான் அதன் சாரம்.

படம் மோசம் என்று ஸ்டீக்லிட்ஸ் சொல்லவில்லை. பிரமாதம் என்றும் சொல்லவில்லை. தாளில் தெரிவதைச் சொன்னார்; அது எதனால் அப்படித் தெரிகிறது என்று சொன்னார்; வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்க ஒரு வேலையும் கொடுத்தார். இப்படி எடுக்காதே என்பதைவிட, உன் படத்தில் புல் தண்ணீராகிவிட்டது என்பதைக் கேட்டவன் அந்தப் படத்தைப் பழைய கண்ணால் பார்க்கவே முடியாது. 1915-இல் ஸ்ட்ராண்ட் கொண்டுவந்த படங்களைப் பார்த்துவிட்டு ஸ்டீக்லிட்ஸ் கண்காட்சி வைக்க முன்வந்தார். ஒரு வங்கிக் கட்டடத்தின் பூதாகாரமான கறுப்புச் சன்னல்களுக்குக் கீழே சின்னச் சின்னதாக மனிதர்கள் நடந்து போகும் ‘வால் ஸ்ட்ரீட்’ அந்த ஆண்டுப் படம்தான். அடுத்த ஆண்டு 291-இல் கண்காட்சி நடந்தது. 1917-இல் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘கேமரா வொர்க்’ பத்திரிகையின் கடைசி இதழ் ஸ்ட்ராண்டின் படங்களுக்காகவே வந்தது.

முதல்முறை அந்த வாசலில் நுழைந்ததற்கும் கண்காட்சிக்கும் நடுவே எட்டொன்பது வருடம் ஓடியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்றிரவு படத்தை அனுப்பிவிட்டு நாளைக் காலையில் பதில் வரவில்லையே என்று வருத்தப்படும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

(இடையில் ஒரு பத்திரிகைக்காரனின் புலம்பல். ‘கேமரா வொர்க்’ தொடங்கிய புதிதில் அதற்குச் சுமார் ஆயிரம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். முடியும்போது நாற்பது பேர்கூட இல்லை. இந்தக் கணக்கை எப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். சந்தாவைப் புதுப்பிக்காதவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.)

சொல்லத் தெரிந்த ஒரே ஆளிடம் ஊரே போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் இருக்கிறது. பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் ஸ்ட்ராண்டின் கதையைவிட இது என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

இரண்டாம் உலகப் போரில் தோற்று, பெருநகரங்கள் கருகிக் கிடந்த நேரத்தில் ‘கேமரா’ என்ற மாத இதழ் வாசகர் படப் போட்டி நடத்தியது. 1950 முதல் அதன் நடுவராக இருந்தவர் கென் டோமோன். ஜப்பானின் மிகப் பெரிய ஒளிப்படக் கலைஞர்களில் ஒருவர். வெறுமனே பரிசை அறிவித்துவிட்டுப் போகிறவர் அல்லர். வந்த படங்களைப் பற்றி மாதாமாதம் விரிவாக, கடுமையாக, அக்கறையோடு எழுதுவார். ஜோடிப்பு கூடாது, யாரையும் நிறுத்திவைத்து எடுக்கக் கூடாது, கண்ணெதிரே இருக்கும் வாழ்க்கையை அப்படியே எடு என்பது அவர் கொள்கை. நாடு முழுவதிலிருந்தும் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் மாணவர்களும் படம் அனுப்பினார்கள். பின்னால் பெரும்புகழ் பெற்ற ஷோமெய் டோமட்சு, கிகுஜி கவாடா போன்றவர்களின் இளமைக்காலப் படங்கள் இந்தப் போட்டியில்தான் கவனம் பெற்றன. ஒரு பத்திரிகைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

ஆனால் இன்னொன்றும் நடந்தது. தெருவோரப் பிச்சைக்காரர்கள், போரில் அநாதையான பிள்ளைகள், காலிழந்த சிப்பாய்கள் என்று வரும் படங்களெல்லாம் ஒரே சாயலாகிவிட்டன. டோமோன் இதைத்தான் விரும்புகிறார் என்று புரிந்துகொண்டவர்கள் அதையே தேடிப்போய் எடுத்தார்கள். ‘பிச்சைக்காரப் படங்கள்’ என்று விமர்சகர்கள் கேலி செய்யும் அளவுக்குப் போயிற்று. கண்ணெதிரே இருப்பதை எடு என்று சொன்னவரின் பெயரால், தங்கள் கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு அவர் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்தார்கள். 1954-இல் டோமோனே இந்த இயக்கத்தின் முதல் கட்டம் முடிந்தது என்று எழுத வேண்டி வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நேர்மையானது. கேட்டவர்கள் அதை விதியாக எடுத்துக்கொண்டார்கள், அதுதான் வினை. டோமோன் தாம் நம்பியதைத் தாமே செய்துகாட்டவும் செய்தார்: 1958-இல் ‘ஹிரோஷிமா’, 1960-இல் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக் குழந்தைகளைப் பற்றிய ‘சிகுஹோவின் குழந்தைகள்’. இரண்டாவது நூலை எல்லாரும் வாங்கட்டும் என்று மட்டமான தாளில் அச்சிட்டு 100 யென்னுக்கு விற்றார்கள். அந்தப் படங்களை யாரும் கேலி செய்யவில்லை.

ஜப்பான்காரர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நம் மேசைக்கு வரும் உறைகளைப் பிரித்தால் புரட்டாசி, ஐப்பசியில் குலசேகரன்பட்டினம் தசராக் காளிகள், மாசியில் மயானக் கொள்ளை, சித்திரையில் கூவாகம், தையில் ஜல்லிக்கட்டு. நடுநடுவே பீடிப் புகை விடும் சுருக்கம் விழுந்த முதியவர், கூரை ஓட்டையில் இறங்கும் வெயில் கற்றையின் கீழ் அடுப்பூதும் பெண், குயவரின் கை. திருவிழாக்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அங்கே போய் எடுத்தவர்களில் அருமையாக எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு காளி வேடத்தின் நாக்குக்கு முன்னால் ஏழு கேமராக்கள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. இந்தப் படத்தை எடுப்பவர் காளியைப் பார்க்கிறாரா, போன வருடம் பரிசு வாங்கிய படத்தைப் பார்க்கிறாரா?

போட்டிகள், சலான்கள் என்ற ஒளிப்படக் கண்காட்சிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெங்களூரைத் தாயகமாகக் கொண்டு 1953-இல் உருவான இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பும் அதன் சலான்களும் இல்லையென்றால் சிற்றூர்களில் இருந்த பல நல்ல கலைஞர்கள் வெளியே தெரிந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் சலானில் நடப்பது என்ன? நூற்றுக்கணக்கான படங்கள் வரிசையாக வருகின்றன. நடுவர்கள் ஒவ்வொன்றையும் சில நொடிகள் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். கூட்டிப் பார்த்து ஏற்பு, நிராகரிப்பு. அது தீர்ப்பு. தீர்ப்புக்கும் ஒரு பயன் உண்டு. தன் படத்தில் புல் தண்ணீராகிவிட்டதா என்பதை மட்டும் அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஃபோனில் விழும் லைக்குகளின் கதியும் இதுதான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பெங்களூர் என்றதும் டி.என்.ஏ. பெருமாளைச் சொல்லாமல் நகர முடியாது. 1932-இல் பிறந்து 2017-இல் மறைந்த இயற்கை ஒளிப்படக் கலைஞர். ஓ.சி. எட்வர்ட்ஸிடம் கற்றவர். தாம் கற்றதைப் பின்னால் வந்த தலைமுறைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். நம் பக்கத்துக் கலைகளில் இந்தக் குரு மரபு ஒரு பெரிய பலம். அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பெரியவர் ஒருவர் தம் படத்தைக் காட்டும்போது சங்கத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ‘சார் படம்’ என்ற இரண்டு சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இளையவர் படத்தைப் பெரியவர் திருத்தலாம், பெரியவர் படத்தில் இளையவருக்கு ஒன்று உறுத்தினால் அது அவரோடு போய்விடுகிறது. இழப்பு பெரியவருக்குத்தான். வயதான பிறகு உண்மையைச் சொல்ல ஆளில்லாமல் ஒரே படத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும் மூத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் இளைய வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

சரி, சொல்கிறவர் தப்பாகச் சொல்லிவிட்டால்? அதுவும் நிறையவே நடந்திருக்கிறது. ராபர்ட் ஃபிராங்க் குகன்ஹைம் நிதியுதவி பெற்று 1955, 56-இல் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி எடுத்த பல்லாயிரம் படங்களிலிருந்து 83-ஐப் பொறுக்கி ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலாக்கினார். 1959-இல் அது அமெரிக்காவில் வெளிவந்தபோது ‘பாப்புலர் போட்டோகிராபி’ இதழின் விமர்சகர்கள் பலர் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மங்கல், புள்ளி புள்ளியாக இருக்கிறது, தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ட குறைகள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் கண்டதில் ஒன்றும் பொய்யில்லை. படங்கள் மங்கல்தான், தொடுவானம் சாய்வுதான். அந்தச் சாய்வும் மங்கலும்தான் அந்த நாட்டை ஃபிராங்க் பார்த்த விதம் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது; பார்த்ததைக் குறை என்று பட்டியல் போட்ட இடத்தில் சறுக்கிவிட்டது. அதே படங்களை மூத்த கலைஞர் வாக்கர் எவன்ஸ் முதலிலேயே புரிந்துகொண்டார். நிதியுதவிக்கு ஃபிராங்குக்காகப் பரிந்துரைத்தவரும் அவர்தான்.

ஆகவே யார் என்ன சொன்னாலும் அதை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ‘வலது மூலையில் இருக்கும் வெள்ளைச் சட்டை முதலில் கண்ணில் படுகிறது’ என்பது ஒரு தகவல். அதை நம்புங்கள், அவர் கண் அங்கேதான் போயிருக்கிறது, அதில் வாதாட ஒன்றுமில்லை. ‘அதனால் கிராப் செய்துவிடுங்கள்’ என்பது அவருடைய தீர்ப்பு. எடுத்துக்கொள்வதும் தள்ளுவதும் உங்கள் உரிமை. வெள்ளைச் சட்டைதான் முதலில் தெரிய வேண்டும் என்று நீங்கள் நினைத்திருக்கலாமே.

இன்னொரு விஷயம். ஒளிப்படக்காரர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். நாமெல்லாம் படத்துக்குள் போவதற்கு முன்னால் என்ன லென்ஸ், எத்தனை ஐஎஸ்ஓ என்று வாசலிலேயே நின்றுவிடும் சாதி. தஞ்சைப் பக்கத்து நண்பர் ஒருவர் மாலை வெயிலில் தகதகவென்று மின்னும் வயலை எடுத்துப் ‘பொன் விளைந்தது’ என்று பெயரிட்டுக் கண்காட்சியில் மாட்டியிருந்தார். நாங்கள் எல்லாரும் அந்த ஒளியைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் நெருங்கி வந்து பார்த்தார். “தம்பி, இது காஞ்ச பயிருப்பா. வெளைஞ்ச கதிருன்னா தலை சாஞ்சிருக்கும்ல? இது கதிரே வாங்கல பாரு.” அத்தனை பேரும் வாயடைத்துப்போனோம். நண்பர் படத்தை எடுத்துவிடவில்லை. பெயரை மட்டும் எடுத்துவிட்டார். அதன் பிறகு அது வேறு படம், என்னைக் கேட்டால் முன்னைவிட நல்ல படம்.

இலங்கையின் லயனல் வெண்ட் இந்த வகையில் கொடுத்துவைத்தவர். சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோக் கலைஞர். ஒளிப்படத்தில் அந்தக் காலத்திலேயே சோலரைசேஷன், மான்டாஜ் என்று இருட்டறையில் எல்லாம் செய்துபார்த்தவர். அவரைச் சுற்றி இருந்தவர்களோ ஜார்ஜ் கீட் போன்ற ஓவியர்கள். கொழும்பில் அவர் வீட்டில்தான் 1943-இல் ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்பு உருவானது. கேமராவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் கோட்டையும் நிழலையும் உடலின் வளைவையும் பற்றி மட்டுமே பேசக்கூடிய நண்பர்கள் கிடைப்பது லேசான காரியம் இல்லை. அடுத்த ஆண்டே, 44 வயதில், வெண்ட் இறந்துபோனார். அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. பிரிண்டுகள் மிஞ்சின, 1950-இல் அவை நூலாக வந்தன.

யாரிடமும் காட்டுவதே இல்லை, எனக்காக மட்டும் எடுக்கிறேன் என்று எழுதும் வாசகர்களும் உண்டு. அவர்கள் விருப்பம். விவியன் மையர் அப்படித்தான் இருந்தார். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். வாடகை கட்டாததால் அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் கொண்டாடியது. இதை ஒரு காவியமாகச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கென்னவோ அது உறுத்துகிறது. நாம் பார்க்கும் விவியன் மையர், ஏலத்தில் பெட்டி எடுத்தவர்கள் தேர்ந்தெடுத்த விவியன் மையர். எது தம் படம், எது கழிவு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாம் காட்டாமல் போனால் நமக்காக வேறொருவர் தேர்ந்தெடுப்பார், அல்லது பழைய பேப்பர்காரர் எடைக்குப் போடுவார்.

காட்டுவது என்று முடிவு செய்தால் பிரிண்ட் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொருவர் ஃபோனிலும் வெளிச்சம் ஒவ்வொரு மாதிரி. உங்கள் நிழற்பகுதியில் இருக்கும் நுணுக்கம் எதிராளியின் திரையில் வெறும் கறுப்பாக இருக்கும். காகிதம் எல்லாருக்கும் ஒன்று. லேப்பில் 8×12 பிரிண்ட் போட ஆகும் செலவு இன்றைக்குப் பெரிதில்லை. மேட் பேப்பரில் போட்டால் பளபளப்பு குறுக்கே வராது. இருபது படம் கொடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார், ஐந்தாறு போதும். கொடுத்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். காலை நாலு மணிக்கு எழுந்தது, சேற்றில் கால் புதைந்தது, காவலாளி விரட்டியது எதுவும் சட்டத்துக்குள் இல்லை. உங்கள் கஷ்டத்தைக் கேட்ட பிறகு எந்த நல்ல மனிதருக்கும் குறை சொல்ல மனம் வராது.

பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘அபெர்ச்சர்’ இதழை 1952-இல் தோழர்களோடு தொடங்கி நெடுங்காலம் நடத்திய மைனர் வைட், தம் வகுப்புகளில் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் மாணவர்களைக் கண்மூடி அமர்ந்து உடலைத் தளர்த்திக்கொள்ளச் சொல்வார். பிறகு கண்ணைத் திறந்து நெடுநேரம் ஒரே படத்தைப் பேசாமல் பார்க்க வேண்டும். பேச்சு அதற்கப்புறம்தான். அவ்வளவு தியானமெல்லாம் நமக்கு வேண்டாம். தேநீர் ஆறும் வரை ஒரு படத்தைப் பார்க்கலாம். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் படங்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பாராம். முகமும் கதையும் மறைந்து கோடும் கனமும் மட்டும் தெரியும். செய்து பாருங்கள், செலவில்லாத வித்தை. ‘நானாக இருந்தால் இன்னும் இரண்டடி இடதுபக்கம் போயிருப்பேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உங்கள் படம். அதை நீங்கள் போய் எடுத்துக்கொள்ளலாம்.

இனி அறிவிப்பு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தபால் வழி ஒளிப்படக் குழுக்கள் என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒரு பெட்டி உறுப்பினர் வீடுகளுக்கு வரிசையாகத் தபாலில் போகும். அதில் இருக்கும் மற்றவர்கள் படங்களைப் பற்றித் தாளில் எழுதிவைத்துவிட்டுத் தம் படம் ஒன்றையும் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பெட்டி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும்போது நம் படத்தோடு எல்லாருடைய எழுத்தும் இருக்கும். படித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு புதுப் படம் வைக்க வேண்டியது. பெட்டியைச் சுற்றவிட நம்மிடம் ஆள்பலம் இல்லை. பத்திரிகை எப்படியும் எல்லா வீட்டுக்கும் வருகிறது. அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கு ஒதுக்குகிறோம்.

மாதம் ஒரு வாசகரின் படம், ஒன்றே ஒன்று, முழுப் பக்கத்தில் பெயரில்லாமல் வரும். பெரியவரா புதியவரா என்று யாருக்கும் தெரியாது. ‘சார் படம்’ தொல்லை அங்கே இருக்காது. படத்தின் கீழே எடுத்தவர் கேட்கும் ஒரே ஒரு கேள்வி இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அதற்கு முந்தைய இதழ்ப் படத்தைப் பற்றி வந்த கடிதங்கள், அவற்றுக்குப் பின்னால் எடுத்தவரின் பெயரும் பதிலும். போட்டி இல்லை, பரிசு இல்லை, நடுவர் இல்லை. நான் வாய் திறக்கப் போவதில்லை. டோமோனின் கதை தெரிந்த பிறகு அந்த ஆசையும் இல்லை.

படம் அனுப்புகிறவர்கள் 8×12 அங்குல பிரிண்டாக அனுப்புங்கள். படத்தின் முன்னும் பின்னும் எதுவும் எழுத வேண்டாம். பெயர், முகவரி, உங்கள் கேள்வி மூன்றையும் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். ‘மேலான கருத்து’ என்பது கேள்வியாகாது. நாற்காலி வெறுமையாகத் தெரிகிறதா, அல்லது யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் தெரிகிறதா என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியும். கடிதம் எழுதுகிறவர்கள் முதல் இரண்டு வரியில் என்ன பார்த்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரட்டும். கேமராவைத் தொட்டே பார்க்காதவர்களும் எழுதலாம். விவசாயிகள், தையல்காரர்கள், பாட்டிகள் எழுதினால் முதலில் அவர்கள் கடிதத்தைத்தான் பிரிப்பேன். கடிதங்கள் ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். படம் திரும்ப வேண்டுமென்றால் சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைக்க மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்